ஒயில் ஒழுகினால் ஒயில் சீல் கழற்ற முன் பிரீதரைப் பாருங்கள்

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. திரும்பத் திறக்க 2025 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் பழைய லொறியை விற்றுப் புதிது எடுக்கிற யோசனை பலருக்கும் கைவிட்டுப் போனது. இன்றைக்கும் கிழக்கில் சம்மாந்துறை ஆலைகளுக்கு நெல் ஏற்றுகிற, கிரான் பக்கம் மணல் பறிக்கிற லொறிகளில் பழைய இசுசு எல்ஃப், மிட்சுபிசி கன்டர், டாட்டா என்று நிறையவே உண்டு. இவற்றில் ஒயில் கசிவதும் ஒயில் குறைவதும் வழக்கமான முறைப்பாடு. அதைவிட வழக்கமானது, கசிகிற இடத்தை மட்டும் பார்த்துக் காசு கொட்டுவது.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் எரிகிற வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே, ஒயில் தேங்கி நிற்கிற சம்ப் பக்கம் இறங்கும். புது எஞ்சினிலும் இறங்கும், தேய்ந்த எஞ்சினில் கூடுதலாக இறங்கும். அந்தக் காற்று வெளியேற விட்ட வழிதான் பிரீதர். பழைய எஞ்சின்களில் அது எஞ்சினின் மேல் மூடியான டப்பட் கவரிலிருந்தோ பிளொக்கின் பக்கத்திலிருந்தோ புறப்பட்டு நேரே நிலத்தைப் பார்த்துத் தொங்கும். கொஞ்சம் பிந்திய மொடல்களில் எயார் கிளீனருக்குப் பிறகு வருகிற குழாயில் போய்ச் சேரும். வழி அடைபட்டால் உள்ளே அமுக்கம் ஏறும். ஏறிய அமுக்கம் ஒயிலைத் தள்ளிக்கொண்டு எது பலவீனமான இடமோ அதனால் வெளியே வரும். கிராங்கின் இரு முனையிலும் ஒயிலை மறிக்கிற பின் சீல், முன் சீல், டப்பட் கவர் பெக்கிங், சில நேரம் ஒயில் மட்டம் பார்க்கிற டிப்ஸ்டிக் குழாய்.

"காக்கா, பின் சீல் மாத்தி ஒரு மாசம் ஆகல்ல, திரும்ப ஒழுகுது" என்று வருகிறவரிடம் நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது "பிரீதரைக் கழுவினீங்களா தம்பி?" என்றுதான். பின் சீல் மாற்ற கியர் பொக்ஸ் இறக்க வேண்டும், கிளச் கழற்ற வேண்டும். கூலியே பெரிய தொகை. பிரீதரைக் கழற்றிக் கழுவ அரை மணித்தியாலம் போதும். டப்பட் கவருக்குள் இருக்கிற கம்பி வலையில் கறுப்புக் களி இறுகி நிற்கும். ஓஸை மட்டும் ஊதிப் பார்த்துவிட்டு "கிளியர்" என்று சொல்வது அரைகுறை வேலை. வலையையும் டீசலில் ஊறவைத்துக் கழுவி, காற்றடித்துக் காயவிட்டுப் பூட்ட வேண்டும்.

பிரீதர் சுத்தமாக இருந்தும் ஒயில் வந்தால் அடுத்த கேள்வி, காற்று எவ்வளவு வருகிறது, எங்கிருந்து வருகிறது. ஒயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. ஐட்லிங்கில் மூடி லேசாக ஆடலாம், அது குற்றமில்லை. சோற்றுப் பானை மூடி போலத் துள்ளி விழுந்தால்தான் யோசிக்க வேண்டும். இதைவிட நம்பகமான முறை மேசன்மார் மட்டம் பார்க்கிற, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் போகாமல் இறுக்கி, நடுப்பகுதியைத் தாழ வளைத்துத் தொங்கவிட்டு, வளைவில் பாதிக்குத் தண்ணீர் விடுங்கள். மற்ற முனை திறந்தே இருக்கட்டும். தண்ணீர் எஞ்சினுக்குள் போகாதபடி குழாய் நீளமாக, வளைவு நன்றாகக் கீழே இருப்பது முக்கியம். ஸ்டார்ட் பண்ணினால் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உள் அமுக்கம். பிரீதர் கழுவ முன் ஒரு தடவை, கழுவிய பின் ஒரு தடவை பார்த்தால், குற்றவாளி பிரீதரா இல்லையா என்று வாதாடவே தேவையில்லை.

காற்று அதிகம் என்றதும் "ரிங் போய்ட்டு, எஞ்சின் இறக்கணும்" என்று தீர்ப்புச் சொல்வதுதான் இருக்கிற தவறுகளில் விலை கூடியது. ரிங்கைத் தவிர வேறு வழிகளாலும் சம்புக்குள் காற்று வரும். பழைய எல்ஃப் போன்றவற்றில், பிரேக் மிதிப்பதை இலேசாக்குகிற பூஸ்டருக்கான வெக்யூம் (உறிஞ்சு) பம்ப் ஒல்டனேட்டரின் பின்னால் இருக்கும். அது பூஸ்டரிலிருந்து உறிஞ்சுகிற காற்றை, தனக்கு வருகிற ஒயிலோடு சேர்த்து எஞ்சினுக்குள்ளேயே விடுகிறது. பூஸ்டரின் டயஃப்ரமோ (ரப்பர் சவ்வு) வெக்யூம் ஓஸோ ஓட்டையானால் பம்ப் ஓயாமல் காற்றிழுத்துச் சம்புக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ரிங் தேய்ந்த எஞ்சின் மாதிரியே தெரியும். லொறியை நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, பம்பின் உறிஞ்சுகிற வாயை அடைத்துப் பாருங்கள். பிரீதரில் வருகிற காற்று சட்டென்று குறைந்தால் பிழை பிரேக் பக்கம். பரிசோதனை முடிந்ததும் ஓஸைத் திரும்பப் பூட்டாமல் லொறியை அசைக்கவே கூடாது, பிரேக் பெடல் மிதிக்க முடியாமல் கல்லாகிவிடும்.

எயார் பிரேக் உள்ள பெரிய லொறியில் அதே வேலையைத் தேய்ந்த கொம்ப்ரசர் செய்யும். எயார் டாங்கியை வடிக்கும்போது ஒயில் கலந்து வந்தால் சந்தேகம் அங்கே. டர்போ உள்ளதில் தேய்ந்த டர்போவும் காற்றைக் கீழே அனுப்பும். மறுபக்கமாக, சம்பில் அமுக்கம் ஏறினால் டர்போவின் ஒயில் கீழே வடிய முடியாமல் சீலைத் தாண்டும். டர்போவை மாற்றியும் ஒழுகுவது இதனால்தான்.

பிரீதரை அடைப்பது இன்னொரு கூத்து. கெபினுக்குக் கீழே எஞ்சின் உள்ள லொறிகளில் புகை நாற்றம் உள்ளே வரும், உண்மைதான். அதற்காகச் சீலைத் துணி சுற்றுவது, மரக்கட்டை அடிப்பது, நுனியை மடித்துக் கட்டுவது எல்லாம் அமுக்கத்தை உள்ளே பூட்டுகிற வேலை. ஓஸை நீட்டி நாற்றம் வராத இடத்துக்குக் கொண்டுபோங்கள். அந்த ஓஸுக்கும் ஒரு கணக்கு உண்டு. ரேடியேட்டர் ஓஸ் துண்டு கையில் கிடைக்கிறது என்று அதைப் போட்டால் ஒயில் பட்டு ஊதி, மென்மையாகி, உள்ளே அமர்ந்துவிடும். ஒயில் தாங்குகிற ஓஸ்தான் வேண்டும். நடுவில் தொய்வும் இருக்கக் கூடாது. தொய்ந்த இடத்தில் ஒயிலும் ஈரமும் தேங்கி வழியை மூடும்.

பெற்றோல் காரில் பிரீதர் காற்றை எஞ்சினுக்கே திருப்பி விடுகிற பீ.சீ.வி. வால்வைக் கொண்டுவந்து டீசல் லொறியில் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பெற்றோல் எஞ்சினின் திரொட்டில் உண்டாக்குகிற உறிஞ்சலை நம்பி வேலை செய்கிற சாமான். பழைய டீசலில் அந்த அளவு உறிஞ்சல் கிடையாது.

ஆனால் எயார் கிளீனர் அடைபட்டால் டீசலிலும் உறிஞ்சல் கூடும். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வெட்டு, ஓகஸ்ட், செப்டெம்பரில் சிறுபோக வெட்டு. வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) வெட்டு மிசின் பக்கத்தில் நின்று நெல் ஏற்றுகிற லொறியின் எயார் கிளீனர் பதரும் தூசியும் குடித்துவிடும். பிரீதர் ஓஸ் எயார் கிளீனருக்குப் பிறகு சேர்கிற மொடல் என்றால், அடைபட்ட கிளீனரால் பிரீதர் வழியாக ஒயில் ஆவி கூடுதலாக இழுபடும். நீலப் புகை வரும், ஒயில் குறையும். வெட்டுக்காலத்தில் எயார் கிளீனரைக் கழற்றிப் பார்க்காமல் எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள்.

இப்போது ஒயில் மட்டம். லொறியைச் சமதரையில் நிறுத்தி, ஒயில் கீழே வடியப் பத்து நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். "ரெண்டு லீட்டர் கூட இருந்தா நல்லதுதானே" என்று நிரப்புவது ஆபத்து. மேல் கோட்டைத் தாண்டிய ஒயிலைக் கிராங்க் அடித்துத் தெறிக்க வைக்கும், பிரீதர் ஓஸ் காற்றுக் குழாயில் சேர்கிற மொடல் என்றால் அது அந்த வழியாக எஞ்சினுக்கே போகும். டீசல் எஞ்சின் ஒயிலையும் எரித்து ஓடக்கூடியது. அப்படி ஓட ஆரம்பித்தால் திறப்பைத் திருப்பி ஓஃப் பண்ணினாலும், ஸ்டொப் கேபிளை இழுத்தாலும் நிற்காது. அவை டீசலைத்தான் நிறுத்தும், ஒயிலை அல்ல. சத்தம் ஏறிக்கொண்டே போய் எஞ்சின் உடையும். அந்த நேரம் உள்ளே இருக்கிறவர் டொப் கியரைப் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்தபடி கிளச்சை விட வேண்டும். வெளியில் நிற்கிறவர் காற்றுக் குழாய் வாயைத் தடித்த பலகையால் மூடலாம். கையால் மூடப் போகக் கூடாது, எஞ்சினின் பக்கவாட்டில் நிற்கவும் கூடாது.

ஒன்றும் ஊற்றாமலே மட்டம் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். டீசல் கலக்கிறது. டீசலை அனுப்புகிற ஃபீட் பம்பின் தேய்வு, இன்ஜெக்டர் ஒழுக்கு இரண்டும் இதைச் செய்யும். டிப்ஸ்டிக்கில் ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டுக் கொஞ்ச நேரம் வையுங்கள். கறுப்புப் பொட்டைச் சுற்றி வெளிறிய ஈர வட்டம் அகலமாகப் படர்ந்தால், மணமும் ஒத்துவந்தால், அந்த ஒயிலோடு ஓடாதீர்கள். நீர்த்த ஒயில் பேரிங்கைத் தின்னும், மேலே சொன்ன அடங்காத ஓட்டத்துக்கும் அதுவே எரிபொருள்.

மூடியின் அடியில் பால்தேநீர் நிறத்தில் களி கண்டதும் ஹெட் பெக்கிங் போய் ஒயிலில் தண்ணீர் கலக்கிறது என்று முடிவு கட்டுவதும் அவசரம். மாரி மழைக்காலத்தில் பக்கத்துக் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற லொறியில் ஈரம் வற்றாமல் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது என்றால் அது வேறு கதை. வெள்ளத்துக்குள் ஓடிய லொறி என்றால் இன்னும் கவனம். மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் டிசம்பரில் பாதையில் தண்ணீர் ஏறும்போது, சூடான எஞ்சினைத் தண்ணீருக்குள் நிறுத்தினால் உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கி, தாழத் தொங்குகிற பிரீதர் குழாயால் தண்ணீரை இழுக்கும். டிஃபரன்சலும் கியர் பொக்ஸும் தங்கள் சிறு பிரீதர்களால் அதையே செய்யும். மூன்றின் ஒயிலையும் பார்க்க வேண்டும்.

எல்லாம் பார்த்து ரிங்தான் என்று உறுதியானால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். தடித்த ஒயிலும் போத்தல் மருந்தும் புகையைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவே. மண்ணெண்ணெய் ஊற்றிச் சம்பைக் கழுவினால் இளகிய களி, ஒயில் பம்ப் உறிஞ்சுகிற வாயிலுள்ள வலையை அடைத்து, ஒயில் பிரஷரே விழலாம். இறக்கிய பிறகும் ஒரு கேள்வி கேளுங்கள்: சிலிண்டரின் உள் உறையான லைனர் என்ன வகை? பழைய இசுசு எஞ்சின் பலவற்றின் லைனருக்கு உள்ளே குரோம் பூச்சு இருக்கிறது. அதை ஹோன் பண்ணவோ (கல்லால் உரசிச் சொரசொரப்பாக்கவோ) போர் அடிக்கவோ (கடைந்து பெரிதாக்கவோ) கூடாது. கீறல் விழுந்திருந்தால் லைனரையே மாற்ற வேண்டும். மற்ற எஞ்சின்களில் ஹோன் பண்ணாமல் வழுவழுத்த லைனரில் புது ரிங் போட்டால் ரிங் படியாது, புகை போகாது. ரிங்கில் எழுத்துள்ள பக்கம் மேலே, ரிங்குகளின் வெட்டு வாய்கள் ஒரே கோட்டில் வராமல் தள்ளித் தள்ளி. பூட்டுகிற நேரம் பக்கத்தில் நின்று பார்க்க வெட்கப்பட வேண்டாம், காசு உங்களுடையது.