தைராய்டு மாத்திரை: அளவைக் கூட்டும் முன் கவனிக்க வேண்டிய தவறுகள்

"டி.எஸ்.எச். 9 வந்திருக்கு. 50-ஐ நிறுத்திட்டு 75 போட்டுக்கலாமா?" காட்பாடி, வேலூர்ப் பக்கம் மருந்துக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ஒரு எண்ணைப் பார்த்ததும் அளவை மாற்றத்தான் எல்லோருக்கும் தோன்றுகிறது. ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு: இப்போது போடும் 50 மைக்ரோகிராம் மாத்திரை ஒழுங்காக உடம்பில் சேர்கிறதா?

அதற்கு முன் இந்த எண் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியில் உண்டாவதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டு சுரப்பியைத் தூண்டுவதற்கு அனுப்பும் ஹார்மோன் அது. தைராய்டு ஹார்மோன் போதவில்லை என்றால் டி.எஸ்.எச். ஏறும், தேவைக்கு மேல் இருந்தால் இறங்கும். பெரும்பாலான லேப்களில் சுமார் 0.4 முதல் 4 வரை சாதாரண அளவு. இந்தத் தலைகீழ் கணக்கு புரியாமல், டி.எஸ்.எச். 0.05 என்று வந்ததும் "தைராய்டு குறைஞ்சிடுச்சு" என்று மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. ஏற்கெனவே அளவு மீறியிருக்கும் உடம்புக்கு இன்னும் ஊற்றுவது அது. எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இதுதான்.

அடுத்தது அவசரம். மாத்திரையில் இருப்பது லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன். உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் புதிய அளவு ஒரு நிலைக்கு வர 5, 6 வாரம் பிடிக்கிறது. பிட்யூட்டரியும் மெதுவாகத்தான் அதற்கு ஏற்ப மாறும். காவேரிப்பாக்கம் ஏரிக்கு இன்று தண்ணீர் வரத் தொடங்கினால் நாளைக்கே நிரம்பிக் கோடி போய்விடுமா? அளவை மாற்றி 6 முதல் 8 வாரம் கழித்து எடுக்கும் டெஸ்ட்தான் பேசும். இரண்டு வாரத்தில் எடுத்துப் பார்த்து, "இன்னும் இறங்கலையே" என்று மறுபடி கூட்டினால், மூன்றாவது மாதத்தில் படபடப்பும் கைநடுக்கமுமாக வந்து நிற்க வேண்டியிருக்கும்.

சரி, மாத்திரை எப்படி உள்ளே போகிறது? "காலைல எழுந்து காபி குடிச்சிக்கினே போட்டுடுவேன்" என்பதுதான் பல வீடுகளில் வழக்கம். காபி, பால், டிபன் எதுவானாலும் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் நடுவில் 4 மணி நேர இடைவெளி வேண்டும். அசிடிட்டிக்குத் தினமும் போடும் மாத்திரையும் உறிஞ்சுதலைக் குறைக்கலாம், அதனால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் சரிசெய்தாலே, அதே 50-இல் டி.எஸ்.எச். இறங்கிவிடுவது உண்டு.

ஆம்பூர், ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்கு விடிகாலையில் வண்டி பிடிக்கும் பெண்களிடம் "ஒரு மணி நேரம் காத்திருங்கள்" என்று சொல்வது எளிது, நடப்பது கடினம். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. இரவு சாப்பிட்டு 3 மணி நேரமாவது கழித்து, படுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். காலையோ இரவோ, நேரத்தை மாற்றி மாற்றிப் போடாமல் இருப்பதுதான் முக்கியம்.

மாதக்கணக்கில் விட்டு விட்டுப் போட்டு, டெஸ்டுக்கு முந்தைய வாரம் மட்டும் தவறாமல் போடுபவர்களும் உண்டு. அந்த ரிப்போர்ட்டில் டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோன்) சரியாக இருக்கும், டி.எஸ்.எச். மட்டும் ஏறியிருக்கும். விட்டுப்போனதை மறைத்தால் டாக்டர் அளவைக் கூட்டத்தான் நேரும். திட்டுவார்களோ என்று பயப்படாமல் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கும் நாளிலும் சில விஷயங்கள் உண்டு. டி4-உம் பார்ப்பதாக இருந்தால், ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். போட்ட சில மணி நேரத்துக்கு டி4 சற்று ஏறிக் காட்டும். டி.எஸ்.எச். காலையில் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும் என்பதால், முடிந்தவரை அதே லேப், அதே நேரம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்தது 2 நாளுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டிவிடும். கடும் காய்ச்சலில் படுத்திருக்கும்போது எடுத்த டெஸ்டை வைத்தும் அளவை மாற்ற வேண்டாம். உடம்பு தேறியதும் மறுபடி பார்க்கலாம்.

இனி அறிகுறிகள். அசதி, உடம்பு வலி, முடி கொட்டுதல், எடை ஏறுதல் எல்லாவற்றையும் தைராய்டின் தலையில் போடுவது ஒரு பெரிய தவறு. டி.எஸ்.எச். 2 என்று சரியாக இருக்க, அசதி போகவில்லை என்றால் ரத்தசோகை, பி12, வைட்டமின் டி, சர்க்கரை, தூக்கம், மனச்சோர்வு ஆகியவற்றைத் தேட வேண்டும். அங்கே மாத்திரையைக் கூட்டுவது உண்மையான காரணத்தை மூடிவிடும். எடை குறைக்க என்று கூட்டுவது அதைவிட ஆபத்து. அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலியும். அதிக வியர்வையும் வெப்பம் தாங்காமையும் அளவு மீறியதன் அடையாளங்கள்தான். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் அவை தனியாகத் தெரியாது. அந்த நாட்களில் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை சேர்ந்து வருகிறதா என்று கவனியுங்கள்.

வயதானவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். 70 தாண்டியவர்களுக்கு டி.எஸ்.எச். சற்று மேலே இருப்பது இயல்பு. இதய நோய் இருந்தால் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். மகனுக்கு எழுதிய 100-ஐ அம்மாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கர்ப்ப காலத்தில் மட்டும் கணக்கு நேர்மாறு. இங்கே காத்திருப்பதுதான் தவறு. முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனே ஆதாரம். ஏற்கெனவே மாத்திரை போடும் பெண்களுக்குத் தேவை பொதுவாக 25 முதல் 30 சதவீதம் கூடும். நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டரைக் கேளுங்கள். வாரத்துக்கு 2 மாத்திரை கூடுதலாகப் போடச் சொல்வது ஒரு வழக்கமான முறை. பாதிக் கர்ப்பம் வரை ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒரு முறை டெஸ்ட். "மாசமா இருக்கும்போது மாத்திரை எதுக்கு?" என்று வீட்டில் யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளும் கட்டாயம் வேண்டும். தைராய்டு மாத்திரை காலையில் என்றால் அவற்றை மதியம், இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு அளவு பழையபடி குறையும், 6 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

டி.எஸ்.எச்.சை மட்டும் நம்ப முடியாதவர்களும் உண்டு. பிட்யூட்டரியே பாதிக்கப்பட்டவர்களுக்கு, உதாரணமாகப் பிரசவத்தில் கடுமையாக ரத்தம் போனதால் அது கெட்டவர்களுக்கு, டி4-ஐ வைத்துத்தான் அளவு. தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை செய்தவர்களில் சிலருக்கு டி.எஸ்.எச்.சை வேண்டுமென்றே தாழ்த்தி வைத்திருப்பார்கள். அவர்கள் பக்கத்து வீட்டு ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது.

அப்புறம், மாத்திரையின் கம்பெனியை அடிக்கடி மாற்றாதீர்கள். மாற்ற நேர்ந்தால் 6 வாரம் கழித்து ஒரு டெஸ்ட். வெயில் காலத்தில் மாத்திரை பாட்டிலை அடுப்பு மேடையிலோ வண்டிப் பெட்டியிலோ வைக்க வேண்டாம், சூட்டில் மருந்தின் வீரியம் குறையும். காலையில் மறந்துவிட்டால் அதே நாளில் வயிறு காலியாக இருக்கும் வேளையில் போட்டுக்கொள்ளலாம்.