லண்டனில் பொது சுகாதார முதுகலை: வந்ததும் எதில் இறங்குவது

லண்டன் கெப்பல் தெருவில் உள்ள 'ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின்' கல்லூரிக்குப் பொது சுகாதார எம்.எஸ்சி. படிக்க வந்திருக்கிறீர்களா? முழுநேரப் படிப்பு ஒரே வருடம்தான். முதல் பருவம் கிறிஸ்துமஸுக்குள் ஓடிவிடும். அதனால் புள்ளியியலை வந்த வாரமே கையில் எடுங்கள். நம்பிக்கை இடைவெளி (உண்மையான மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்ற மதிப்பீடு) என்றால் என்ன, ஆட்ஸ் ரேஷியோவை (இரு குழுக்களில் நோய் வாய்ப்பை ஒப்பிடும் விகிதம்) எப்படிப் படிப்பது, ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒரு தரவுக் கோப்பை எப்படித் திறப்பது என்ற அளவுக்காவது பழகிக்கொண்டால் மற்ற பாடங்கள் பிடிபடும்.

நம்மில் பலர் டாக்டர்கள், பல் மருத்துவர்கள், செவிலியர்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளியை வைத்தே யோசித்துப் பழகியவர்கள். இங்கே கேள்வி வேறு: இந்தத் தெருவில் ஏன் இத்தனை பேருக்கு நோய், அடுத்த தெருவில் ஏன் இல்லை? 1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பைச் சந்தேகித்தது இப்படிக் கேட்டதால்தான். அந்தத் தெருவுக்கு இன்று பிராட்விக் தெரு என்று பெயர், பம்பின் மாதிரி ஒன்று அங்கே நிற்கிறது. கல்லூரியிலிருந்து நடந்தே போகலாம், அவசியம் போய்ப் பாருங்கள்.

கட்டுரைகளில் தெரிந்ததையெல்லாம் கொட்டினால் எடுபடாது. ஓர் ஆய்வில் எங்கே ஓட்டை, அதன் முடிவை எவ்வளவு நம்பலாம் என்று வாதாட வேண்டும். இதில் உங்கள் கள அனுபவம் பெரிய பலம். தடுப்பூசிப் பதிவேடு எப்படி நிரப்பப்படுகிறது, கிராம சுகாதார செவிலியர் ஒரு நாளில் எத்தனை வீடு ஏறி இறங்க முடியும் என்பதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். பொது சுகாதாரத்துக்கென்று 1939-லேயே தனிச் சட்டம் கண்டது அன்றைய மதராஸ் மாகாணம், இன்றைய தமிழ்நாடு. குழு விவாதங்களில் தயங்காமல் பேசுங்கள்.

ஆய்வேட்டுக்கு ஊருக்குப் போய்த் தரவு சேகரிக்க ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு நேராதபடி பார்க்கும் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியோடு உள்ளூர் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேவைப்படும். இரண்டும் சட்டென்று கிடைக்காது. டிசம்பரிலேயே மேற்பார்வையாளரிடம் பேசிவிடுங்கள். என்னைக் கேட்டால், இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்வு போல ஏற்கெனவே திரட்டிய தரவை எடுத்து ஆழமாக அலசுவது ஒரு வருடப் படிப்புக்குப் பொருத்தம்.

அப்புறம் அன்றாட வேலைகள். விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள், எனவே வீட்டருகே உள்ள ஜி.பி. எனப்படும் பொது மருத்துவரிடம் உடம்பு நன்றாக இருக்கும்போதே பதிவு செய்யுங்கள், அதற்குப் பணம் கிடையாது. முழுநேர மாணவர் மட்டுமே குடியிருக்கும் வீட்டுக்கு கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) இல்லை, கல்லூரியில் சான்று வாங்கிக் கொடுத்தால் போதும். பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது, விசாவுக்கே ஆபத்து.

அறைக்கு ஈஸ்ட் ஹாம் பக்கம் பாருங்கள். தமிழ்க் கடைகள், முருகன் கோயில் எல்லாம் அருகிலேயே. ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலில் ஏறினால் மாறாமல் யூஸ்டன் ஸ்கொயர், அங்கிருந்து கல்லூரிக்குக் கொஞ்ச தூர நடை. அறையை நீங்களோ தெரிந்தவரோ நேரில் பார்க்கும்வரை முன்பணம் அனுப்பாதீர்கள்.