படகில் பாடம்: பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் இருப்பது ஊருணியும் கண்மாயும். படகேற வேண்டுமென்றால் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக் கரைக்கு இறங்கி, காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் போகலாம். அவ்வளவு தூரம் போய், ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்துக்கென ஒரு வினாத்தாளை நீட்டுவதுதான் முதல் தவறு. பிள்ளைகள் தாளைப் பார்ப்பார்கள், தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள். ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டால் எல்லாப் பாடமும் அதற்குள் வந்துவிடும்: இந்தப் படகு ஏன் மிதக்கிறது?

ஆள் ஏறுமுன் படகின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். எல்லோரும் உட்கார்ந்தபின் மறுபடியும். ஓரிடத்தில் மட்டும் அளந்தால் படகின் சாய்வு கணக்கைக் கெடுக்கும். அணியம் (முன்புறம்), பின்புறம், இரு பக்கம் என நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். கரையில் நின்று ஆசிரியர் அளக்கட்டும், பிள்ளைகள் குனியக் கூடாது. 40 கிலோ வீதம் 12 பேர் ஏறினால் 480 கிலோ. 5 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம், ஆக 8 சதுர மீட்டர் என்று போட்டால், அந்த எடையுள்ள தண்ணீரை விலக்கப் படகு சுமார் 6 செ.மீ. அமிழ வேண்டும். அளவுகோல் 8 காட்டினால் அளந்ததுதான் தப்பு என்று பிள்ளைகள் நினைப்பார்கள். தப்பு பரப்பளவில்தான். படகு செவ்வகமல்ல, முனை ஒடுங்கியது. முக்கால் பங்கு, அதாவது 6 சதுர மீட்டர் எடுத்தால் விடை சரியாக வரும்.

கடல்நீரில் முட்டை மிதக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதும் தவறு. புது முட்டை கடல்நீரிலும் மூழ்கும். அதற்கு இன்னும் பல மடங்கு உப்பு வேண்டும். ஊருணித் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். உறிஞ்சுகுழாயின் அடியில் களிமண் அடைத்து, ஊருணி நீரில் 10 செ.மீ. மூழ்கும்படி செய்து கோடு போடுங்கள். கடல்நீரில் அந்தக் கோடு இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு மேலே நிற்கும். அந்தச் சின்ன இடைவெளிதான் உப்பின் எடை.

வரலாறு என்றதும் “நகரத்தார் கப்பலேறி பர்மா போனார்கள்” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மிதப்பதைப் பற்றிப் பேசும்போதே வீட்டு முகப்பில் நிற்கும் பர்மா தேக்குத் தூணைக் கொண்டுவாருங்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். அதனால் பர்மாவில் மரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதன் அடியிலுள்ள வெளிக்கட்டையையும் வளையமாக வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு காயவிட்டு, பிறகு சாய்த்து ஐராவதி ஆற்றில் மிதக்கவிட்டார்கள். அப்படி வளையமாக வெட்டினால் மரம் ஏன் காய்கிறது என்பது தாவரவியல், காய்ந்த கட்டை ஏன் மிதக்கிறது என்பது இயற்பியல். தூணைத் தொட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே.

வேன் கிடைக்கும் நேரத்தைப் பார்த்துக் கிளம்புவது இன்னொரு தவறு. கடல் ஏறியிருக்கும்போது போனால் அலையாத்தியின் மூச்சுவேர்கள் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். மிக வற்றினால் படகு சேற்றில் தட்டும். ஏற்றவற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் முந்தின வாரம் கேட்ட நேரம் உதவாது. படகோட்டியிடம் முந்தின நாளே கேளுங்கள். வாடை, கொண்டல் என்று அவர் காற்றுக்குச் சொல்லும் பெயர்களைப் பிள்ளைகள் குறித்துக்கொண்டால் அன்றைய தமிழ்ப் பாடமும் ஆயிற்று.

மிதவைச் சட்டையைப் பூட்டாமல் மாட்டிக்கொண்டு ஏற யாரையும் ஒருபோதும் விடாதீர்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் அது காதுவரை ஏறக் கூடாது. ஏறினால் அந்த அளவு அந்தப் பிள்ளைக்குப் பெரிது, வேறு மாற்றுங்கள்.

கடல்நீரைக் காயவைத்து உப்பை எடைபோட 100 மில்லி எடுத்துவந்தால் மூன்றரை கிராம்தான் தேறும், சமையல் தராசில் பிழையே பெரிதாகிவிடும். ஒரு லிட்டர் எடுங்கள், 35 கிராமை ஒட்டி வரும். மழைக்காலத்துக்குப் பின் குறையும். அலுமினியத் தட்டை உப்பு அரிக்கும் என்பதால் பீங்கான் தட்டில் காயவையுங்கள். கடலுப்பு காற்றின் ஈரத்தை வாங்கும். காலையில் எடை போடாமல், உச்சி வெயிலில் தட்டு சூடாக இருக்கும்போதே போடுங்கள்.