'கோஸ்ட்ஸ் என் காப்ளின்ஸ்' ஆட்டத்துக்குத் திரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி விடுமுறைக்குப் பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டில் கூடியிருந்தபோது, தம்பி தன் 'ஸ்விட்ச்' விளையாட்டுக் கருவியைத் தொலைக்காட்சியில் இணைத்து, நாங்கள் இருவரும் தொண்ணூறுகளில் விளையாடிய அந்த இடுகாட்டை மீண்டும் திறந்தான். முதல் கட்டத்தின் பாதியைக்கூட எட்டாமல் மூன்று உயிர்களையும் இழந்துவிட்டு, "அக்கா, சின்ன வயசுல இத சுலபமா தாண்டினோமே" என்றான். தாண்டியது உண்மைதான். ஆனால் அன்று நாங்கள் விளையாடிய வேகம் வேறு.

கேப்காம் நிறுவனம் டோக்குரோ ஃபுஜிவாராவின் வடிவமைப்பில் 1985-இல் வெளியிட்ட இந்த ஆட்டம், அடுத்த ஆண்டே வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டிக்கும் வந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அது வினாடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில் ஓடியது. அன்றைய மலேசியத் தொலைக்காட்சியோ வினாடிக்கு 50 படங்கள் கொண்ட 'PAL' என்ற ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தது. அதற்கேற்ப அமைத்து இங்கே விற்கப்பட்ட நகல் பெட்டிகளில் ஆட்டமும் இசையும் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடின. ஆகவே பழைய கைப்பழக்கத்தை நம்பி, முழு வேகத்தில் ஓடும் இன்றைய பதிப்பில் இறங்குவதே முதல் தவறு. அதோடு, படத்தை அகலத் திரை முழுவதற்கும் இழுத்துவிட்டால் தாவும் தூரம் கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும். 4:3 அளவிலேயே வைத்து, தொலைக்காட்சியில் பொத்தானுக்கும் படத்துக்கும் இடையிலான தாமதத்தைக் குறைக்கும் 'கேம் மோட்' இருந்தால் அதையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஆட்டத்தில் காலைத் தரையிலிருந்து எடுத்த பிறகு திசையை மாற்ற வழியில்லை. நின்ற இடத்திலிருந்து எழும்பினால் நேரே மேலே போய் அங்கேயே இறங்குவோம். ஓடியபடி தாவினால் அந்த வளைவு முழுவதையும் கடந்தே ஆக வேண்டும். பிற்கால ஆட்டங்களில் பழகிய விரல், காற்றில் இருக்கும்போதே பின்னால் இழுத்துப் பார்க்கும். நாம் இயக்கும் கவச வீரர் ஆர்தரோ திசை மாறாமல் எதிரியின்மேல் போய் விழுவார். எங்கே இறங்குவோம், அந்த நேரத்தில் அங்கே யார் இருப்பார் என்பதை முடிவு செய்துவிட்டே தாவ வேண்டும். இந்த ஆட்டத்தின் கடுமையும் அழகும் இந்த ஒரு விதியில்தான் இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது, பொத்தானை இடைவிடாமல் அழுத்துவது. திரையில் ஒரே நேரத்தில் ஒரு சில ஆயுதங்களே பறக்க முடியும். தூரத்தில் வீணாக எறிந்தவை திரையை விட்டு நீங்கும் வரை, காலடியில் மண்ணைப் பிளந்து எழும் பிணத்தின் முன் வெறுங்கையோடு நிற்க நேரிடும்.

சிவப்பு அரக்கனிடம் பெரும்பாலோர் தோற்பதும் இந்த அவசரத்தால்தான். இறக்கையை மடக்கிக்கொண்டு தரையில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் அது, நெருங்கியதும் எழுந்து பறக்கும். நாம் எறிவதைப் பார்த்து விலகவும் செய்யும். இந்த முதல் ஆட்டத்தில் மேல்நோக்கி எறியவே முடியாது என்பதால், அது தலைக்கு மேலே வட்டமிடும்போது எறிவதில் பயனில்லை. பின்னால் இடம் விட்டு நின்று, அது தாழ்ந்து நம் உயரத்துக்குப் பாய்ந்து வரும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். தம்பிக்கு இது பிடிபட ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. பிடிபட்டதும் அம்மாவைக்கூட அழைத்துக் காட்டினான்.

கீழே விழுந்து கிடக்கும் எதையும் எடுத்துக்கொள்வதும் தவறு. தொட்ட உடனே கையிலிருப்பது போய்விடும். வேகமாகப் பறக்கும் குறுவாளை வைத்திருப்பவர், வளைந்து விழுந்து தரையில் எரியும் தீப்பந்தத்தைத் தெரியாமல் மிதித்தால் அந்தக் கட்டம் முழுவதும் வருந்துவார். அது மறையும் வரை ஒதுங்கி நிற்பதே நல்லது.

கவசம் உடைந்து உள்ளாடையோடு நிற்கும் ஆர்தரைப் பார்த்ததும், ஆட்டத்தைச் சில வினாடிகள் பின்னோக்கி ஓட்டும் ரிவைன்ட் பொத்தானைத் தேடுகிறவர்கள் உண்டு. இன்னொரு அடி வாங்கினால் எலும்புக் குவியல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த நிலையில் பத்து அடி முன்னேறுவதில் இருக்கும் படபடப்பை இழக்கலாகாது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பயில்வதற்கு ரிவைன்ட் உதவும். கட்டம் முழுவதையும் அதன் தோளில் ஏறிக் கடந்தால் அடுத்த கட்டம் கைக்கு எட்டாது.

கடைசியாக, முடிவை அறியாமல் போவது. இறுதி எதிரியை வெல்ல ஒரு குறிப்பிட்ட ஆயுதம் கையில் இருக்க வேண்டும்: ஜப்பானியப் பதிப்பில் சிலுவை, வெளிநாட்டுப் பதிப்புகளில் கேடயம். அது இல்லாமல் போய் நின்றால் ஆட்டம் நம்மைப் பின்னுக்குத் திருப்பி அனுப்பிவிடும். அதைக் கொண்டு வென்றாலும், கண்டதெல்லாம் சாத்தான் விரித்த மாய வலை என்ற செய்தி தோன்றி, வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறியதுபோல் இடுகாட்டிலிருந்தே தொடங்க வேண்டும். உண்மையான முடிவு இரண்டாம் சுற்றின் இறுதியில்தான் கிடைக்கும். எனவே முதல் சுற்றை முடிக்கும் இரவில் கொஞ்சம் நேரத்தையும் பொறுமையையும் மிச்சம் வைத்திருங்கள்.