பிஸ்டன் எஞ்சினில் நிலைம விசையைக் கணக்கிடுவது எப்படி?

ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) ஏற ஏற, பிஸ்டனைக் கிராங்கோடு (சுழலும் தண்டோடு) இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டுக்கு ஏன் உயிர் போகிறது என்று பார்க்க ஆசையா? நிலைம விசை (வேகம் மாறும்போது பொருள் காட்டும் எதிர்ப்பு) = நிறை × முடுக்கம், அவ்வளவுதான். ஆனால் எந்த நிறை என்பதைப் பெரும்பாலான விளக்கங்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன.

படி 1: நிறை

பிஸ்டன், ரிங்குகள், பிஸ்டனை ராடோடு கோக்கும் கஜன் பின் மூன்றும் மேலும் கீழும் மட்டுமே போய்வருகின்றன. மொத்தமாகத் தராசில் வையுங்கள். தகராறு கனெக்டிங் ராடில்தான்: அதன் மேல்முனை பிஸ்டனோடு போகிறது, கீழ்முனை கிராங்கோடு சுற்றுகிறது. மூன்றில் ஒரு பங்கை மேல்முனைக்குக் கொடு என்று ஒரு கைக்கணக்கு உண்டு. ராட் கையில் இருக்கும்போது அது எதற்கு?

பிக் எண்ட் (கீழ்முனை) துளையின் மேல் விளிம்பை ஒரு மெல்லிய கம்பியில் தொங்கவிடுங்கள். ஸ்மால் எண்டை (மேல்முனையை), துளையின் மையத்துக்கு நேர் கீழே ஒரு கூர்முனை மட்டும் தாங்கும்படி, தராசில் வையுங்கள். ராட் கிடைமட்டமாக இருக்கட்டும். ரசமட்டம் வைத்தே பாருங்கள். தராசு காட்டுவதுதான் மேல்முனையின் பங்கு. அப்புறம் ராடைத் திருப்பி மறுமுனையையும் அளந்துவிடுங்கள். இரண்டின் கூட்டல் ராடின் மொத்த எடைக்குச் சமமாக வராவிட்டால், தாங்கும் இடம் மையத்தை விட்டு விலகியிருக்கிறது, இல்லை எங்கோ உராய்கிறது. சரியாக வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நம் உதாரணத்தில் பிஸ்டன் தொகுதி 0.35 கிலோ, மேல்முனைப் பங்கு 0.15 கிலோ. ஆக 0.5 கிலோ.

படி 2: கோணவேகம்

ஆர்பிஎம்மை 2π-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்கவும். 6000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 628.3 ரேடியன்.

படி 3: முடுக்கம்

முடுக்கம் = ஆரம் × கோணவேகம்² × [கொசைன்(கோணம்) + விகிதம் × கொசைன்(2 × கோணம்)]

ஆரம் என்பது ஸ்ட்ரோக்கில் பாதி. விகிதம் என்பது அந்த ஆரத்தை ராடின் மையத்திலிருந்து மையம் வரையான நீளத்தால் வகுத்தது. ஸ்ட்ரோக் 80 மிமீ, ராட் 140 மிமீ என்றால் ஆரம் 0.04 மீட்டர், விகிதம் 0.2857. கோணம் என்பது கிராங்கின் கோணம், மேல் நிலையிலிருந்து (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்திலிருந்து) அளக்கப்படுகிறது.

இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்கள் எனக்குப் பிடிப்பதில்லை. உள்ளே எதைக் கணக்கில் சேர்த்தார்கள் என்றே தெரியாது. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒன்று மட்டும்: அதில் கொசைன் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும், டிகிரியை நேரடியாகக் கொடுத்தால் வரைபடக் கோடு பைத்தியம் பிடித்ததுபோல் வரும்.

படி 4: விசை

ஆரம் × கோணவேகம்² = 15,791. அதை அடைப்புக்குறிக்குள் வரும் மடங்காலும் 0.5 கிலோவாலும் பெருக்கினால்:

மேல் நிலையில் 1.2857 மடங்கு: சுமார் 10,150 நியூட்டன்.
கீழ் நிலையில் 0.7143 மடங்கு: சுமார் 5,640 நியூட்டன்.

அரைக்கிலோப் பொருள் ஒரு டன்னுக்கும் மேலான எடையாக ராடை இழுக்கிறது! மேலே இருப்பது கீழே இருப்பதைப்போல 1.8 மடங்கு என்பதையும் கவனியுங்கள். சூத்திரத்தின் இரண்டாம் உறுப்பை (2 × கோணம் உள்ளதை) விட்டுவிட்டால் இந்த வித்தியாசமே மறைந்துபோகும். முடுக்கம் பூஜ்யமாவதும் 90 டிகிரியில் அல்ல, சுமார் 75.5 டிகிரியில்.

திசை முக்கியம். மேல் நிலையில் முடுக்கம் கிராங்கை நோக்கி, நிலைம விசை அதற்கு எதிராக மேல்நோக்கி. எரியும் வாயு பிஸ்டனைக் கீழே அழுத்தும்போது அது கொஞ்சம் ஈடாகிவிடும். எக்ஸாஸ்ட் முடிந்து இன்டேக் தொடங்கும் மேல் நிலையில் அழுத்த ஆளில்லை, முழு இழுவையும் ராடுக்குத்தான்.

பின்சேர்க்கை: போல்ட்டின் சுமையும் இதுதானா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. கேப் (போல்ட் இறுக்கிப் பிடிக்கும் கீழ்மூடி) தவிர்த்த பிக் எண்ட் பகுதியும் சுற்றுகிறது. அதன் நிறை × ஆரம் × கோணவேகம்² என்பதையும் கூட்டுங்கள்.

இன்னொன்று: சூத்திரம் தோராயமானது. 90 டிகிரியில் அடைப்புக்குறிக்குள் அது −0.2857 தருகிறது, துல்லியமான கணக்கு −0.298. மேல் நிலையிலும் கீழ் நிலையிலும் இரண்டும் ஒன்றே, அதனால் போல்ட் கணக்குக்கு இது தாராளமாகப் போதும். இன்லைன் (ஒரே வரிசையில் அமைந்த) நான்கு சிலிண்டரில் முதல் உறுப்பு தானாக அடிபட்டுவிடும்; இரண்டாம் உறுப்பு நான்கிலும் கூடி, நம் உதாரணத்தில் சுமார் 9,020 நியூட்டனாக நிற்கும். அதை அடக்கத்தான் கிராங்கைவிட இரு மடங்கு வேகத்தில் சுற்றும் பேலன்ஸ் ஷாஃப்டுகள் (அதிர்வை ஈடுசெய்யும் தண்டுகள்).