அடுத்த சீசனுக்கு ஆள் சேர்ப்பது எப்படி: தோட்டப்புறக் காற்பந்துக் குழுக்களுக்கு எட்டு வார வேலை

சீசன் முடிந்த மறுவாரமே சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா கடைகளில் பேச்சு தொடங்கிவிடும். "நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருத்தன் கிடைச்சா போதும்." போதாது. ஊரை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெரியவர்களைக் கேளுங்கள். தோட்டத்துக் குழுக்கள் தோற்ற ஆட்டங்களில் பாதி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒன்பது பேர் மட்டும் பூட் கட்டி நின்றதால் தோற்றவை. மீதிப் பாதி, பின்வரிசையில் நிற்கத் தெரிந்தவர் ஒருவரே இருந்ததால். அதனால் ஆள் தேடக் கிளம்புவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

இரண்டு கணக்கு

முதல் கணக்கு வருகை. போன சீசனின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் யார் வந்தார், எத்தனை நிமிடம் ஆடினார் என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் "வரேன்" என்று போட்டவரைச் சேர்க்காதீர்கள். திடலுக்கு வந்தவர் மட்டுமே கணக்கு. பத்து ஆட்டத்தில் ஏழுக்கு வருபவர்தான் நம் ஊரில் சராசரி ஆட்டக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட 18 பேரைப் பதிந்தால் ஞாயிற்றுக்கிழமை கையில் இருப்பது 12 அல்லது 13 பேர். ஒருவருக்குக் கால் பிடித்தால் மாற்று ஆளுக்கே திண்டாட்டம். அதே வருகையில் 23 பேரைப் பதிந்தால் 16 பேர் நிற்பார்கள். ஐந்து மாற்று ஆட்டக்காரர்களைப் பயன்படுத்த லீக் அனுமதித்தால் அதற்கும் ஆள் சரியாக இருக்கும்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வேலையையும் ஷிப்டையும் எழுதுங்கள். இதைத்தான் எல்லாக் குழுவும் விட்டுவிடுகிறது. ரவாங், சுங்கை பூலோ பக்கம் தொழிற்சாலைக்குப் போகும் பையன்களுக்கும், பாதுகாவலர் வேலை பார்ப்பவர்களுக்கும் 12 மணி நேர ஷிப்டு சாதாரணம். செம்பனை ஆலையில் இருப்பவருக்கு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை குலை அதிகம் வரும் காலம், ஓவர்டைமும் அதிகம். அந்த மாதங்களில் அவரை நம்பி அணியைப் போட முடியாது. இரண்டு ஸ்டாப்பர்களும் (பின்வரிசை நடுவில் நிற்பவர்கள்) ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்டு என்றால் இருவரும் ஒரே ஞாயிற்றில் காணாமல் போவார்கள். ஓர் இடத்துக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது எதிர் எதிர் ஷிப்டில் உள்ளவர்களாகப் பாருங்கள். திறமையில் சற்றுக் குறைந்தவராக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது கணக்கு, வாங்கிய கோல்கள். நான்கு பத்திகள் போடுங்கள்: கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் வந்தவை, பின்வரிசைக்குப் பின்னால் போட்ட நீளப் பந்தில் வந்தவை, நம் பாதியில் பந்தை விட்டுக்கொடுத்ததால் வந்தவை, கீப்பர் தவறு. 30 கோல் வாங்கிய குழுவில் 12 முதல் பத்தியில் விழுந்தால், தலையால் அடிக்கும் ஒரு ஸ்டாப்பர் வேண்டும். இரண்டாவது பத்தி நிறைந்திருந்தால் உடனே வேகமான பேக் தேடாதீர்கள். பாதி நேரம் குற்றம் கீப்பருடையது. அவர் கோல் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பார், பின்வரிசை 30 மீட்டர் முன்னே நிற்கும், நடுவில் ஒரு வயற்காடே காலியாகக் கிடக்கும். மூன்றாவது பத்தி பெருத்தால் நடுக்களத்தில் பந்தை நிறுத்தி வைக்கத் தெரிந்த ஒருவர் தேவை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு ஸ்ட்ரைக்கர் பேச்சு பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

23 பெயர்கள்

கீப்பர் 3 (மூன்றாமவர் பள்ளிப் பையனாக இருக்கலாம்), நடு ஸ்டாப்பர் 4, ஓரப் பேக் 4, நடுக்களம் 6, விங் 3, ஸ்ட்ரைக்கர் 3. உங்கள் லீக் 25 பேரை அனுமதித்தால் கடைசி இரண்டு இடங்களைக் காலியாக வையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஓரப் பேக் நான்கு பேரை வெளியில் தேட வேண்டாம். வேகம் உள்ள, ஆனால் கோல் முன்னால் தடுமாறும் விங்கர் எல்லாக் குழுவிலும் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களைப் பின்னால் இறக்குங்கள். எஸ். குணாலன் விங்கராகத் தொடங்கி, பின்னர் ஜொகூர் டாருல் தாசிம் கிளப்பிலும் தேசிய அணியிலும் வலது பேக்காக ஆடினார். "பின்னால போட்டா அவமானம்" என்று முகம் சுளிக்கும் பையனிடம் சொல்ல அந்தப் பெயர் ஒன்றே போதும்.

கீப்பர்

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரமும் காசும் செலவிட முடியும் என்றால் அது இந்த இடம். நம்மவர்களில் மலேசியக் காற்பந்தில் நாடே பெயர் சொல்லும் ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் முதலில் வருவது 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கீப்பர். அப்படியிருந்தும் நம் ஊர்ப் பையன்களில் பத்துக்கு ஒன்பது பேர் 10ஆம் நம்பர் ஜெர்சிதான் கேட்பார்கள்.

கீப்பரைத் தேர்ந்தெடுக்கப் பந்தைப் பாய்ந்து பிடிப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்று சோதனை போதும். ஒன்று, ஓரத்திலிருந்து பத்து கிராஸ் போடுங்கள், கோல் முன்னால் இரண்டு பேரை இடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். எத்தனை பந்துக்கு வெளியே வருகிறார் என்று எண்ணுங்கள். பிடித்தாரா என்பதை அடுத்ததாகப் பார்க்கலாம். இரண்டு, பந்தை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துத் தரையோடு அடியுங்கள். நம் ஊரில் ஐந்து மணி ஆட்டம் பாதி நாள் மழைக்குப் பின்னால்தான் நடக்கிறது. ஈரப் பந்தை மார்புக்கு நேராக விட்டு எதிராளி காலடியில் உருட்டுபவர் வேண்டாம். ஓரமாகத் தட்டிவிடுபவர் வேண்டும். மூன்று, குரல். எட்டுக்கு எட்டு ஆட்டத்தில் பத்து நிமிடம் அவர் பின்னால் நின்று கேளுங்கள். "இடது பார்", "விடு, என் பந்து", "ஏறு" என்று பெயர் சொல்லிக் கத்துபவர் உயரத்தில் குறைந்தாலும் பாதிக் கோலைத் தடுப்பார். கோல் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. கைநீளம் உதவும், ஆனால் நிற்கும் இடம் தவறினால் எந்தக் கையும் எட்டாது.

கையுறையையும் குழுவே வாங்கித் தரட்டும். ஆட்டத்துக்கு முன் கையுறையின் உள்ளங்கைப் பகுதியை லேசாக நனைத்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். கித்தாக்காட்டில் வளர்ந்த ஊருக்கு வெயிலில் போட்ட ரப்பர் என்னாகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

யாரை நிறுத்துவது, எப்படிச் சொல்வது

புது ஆள் வருவதற்கு முன் பழைய ஆளிடம் பேசி முடித்துவிட வேண்டும். வருகைக் கணக்கில் பாதிக்கும் கீழே இருப்பவரிடம் புத்தகத்தைத் திறந்து காட்டினாலே போதும், வாக்குவாதம் வராது. கஷ்டம், தவறாமல் வரும் மூத்தவரிடம். 38 வயது ஸ்டாப்பர், 15 வருடமாக ஆடுகிறார், இப்போது திரும்பி ஓட முடியவில்லை. குழு வாட்ஸ்அப்பில் பெயர் இல்லாததைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டால் அவரோடு அவர் தம்பியும் மைத்துனரும் சேர்ந்து போய்விடுவார்கள். மூன்று ஆள் நஷ்டம். மேனேஜர் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும்: "அண்ணே, இந்த வருஷம் முதல் பதினொன்னுல உங்க பேர் வராது. ஆனா புதுசா நிக்கப் போற ரெண்டு பசங்களுக்கு எங்க நிக்கணும்னு சொல்லித்தர உங்கள விட்டா ஆள் இல்ல. புதன்கிழமை பயிற்சிக்கு மட்டும் வாங்கண்ணே." இது ஒப்புக்குச் சொல்வதாக இருக்கக்கூடாது. புதன்கிழமை உண்மையிலேயே பின்வரிசையை அவரிடம் ஒப்படையுங்கள்.

முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை "ஆறு மாசம் ஆச்சு, நல்லா நடக்கிறான்" என்று பட்டியலில் சேர்க்காதீர்கள். குறைந்தது ஒன்பது மாதம், அதற்கு மேல் மருத்துவர் சொல்லும் வரை.

எங்கே தேடுவது

ஊரிலேயே யுனிசெல் (சிலாங்கூர் பல்கலைக்கழகம்) வளாகம் இருக்கிறது. மாணவர்களில் பள்ளிக் காலத்தில் மாவட்டத்துக்கு ஆடியவர்கள் இருப்பார்கள். ஆனால் விடுமுறை விட்டதும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், ஆகவே அவர்கள் நாள்காட்டியைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். SPM (பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் பையன்களைத் தேர்வு நேரத்தில் தொந்தரவு செய்ய வேண்டாம். அம்மாவின் கோபத்தைச் சம்பாதித்த குழுவுக்கு அந்த லயத்திலிருந்து அப்புறம் ஒருவரும் வர மாட்டார்கள்.

ஃபுட்சால் கோர்ட்டில் கிடைப்பவர் காலில் பந்து ஒட்டும், ஆனால் 90 நிமிட ஓட்டமும் தலையால் அடிப்பதும் சந்தேகம். நடுக்களத்துக்கு மட்டும் அங்கே பாருங்கள். எழுவர் போட்டிகளில் சாம்பியன் குழுவை விட்டுவிட்டு, அரையிறுதியில் தோற்ற குழுவின் ஸ்டாப்பரைப் பாருங்கள். எல்லாரும் கோல் போட்டவனைச் சுற்றி நிற்கும்போது இவரிடம் நிதானமாகப் பேசலாம். தோட்டங்களில் வேலை செய்யும் நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்களில் நல்ல ஆட்டக்காரர்கள் உண்டு. ஆனால் லீக் விதி வெளிநாட்டவரை அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்ட பிறகே அழையுங்கள்.

தேர்வு நாள்

ஒரே நாளில் 22 பேரை முழுத் திடலில் 45 நிமிடம் ஆடவிட்டுப் பார்ப்பது வீண். விங்கில் நின்றவர் காலுக்குப் பந்து ஐந்து தடவை வந்திருக்கும், அதை வைத்து என்ன முடிவு எடுப்பது? இரண்டு ஞாயிறு வையுங்கள். அரைத் திடலில் எட்டுக்கு எட்டு, 12 நிமிடம் வீதம் மூன்று ஆட்டம், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இடம் மாற்றுங்கள். நெஞ்சில் டேப் ஒட்டி மார்க்கரில் எண் எழுதினால் போதும். பார்ப்பவர் இரண்டு பேர், தனித்தனியாக எழுத வேண்டும், முடிந்த பிறகே ஒப்பிட வேண்டும். பந்தை இழந்த அடுத்த மூன்று விநாடியில் என்ன செய்கிறார் என்பதை மட்டும் தனியாகக் குறியுங்கள். கையை விரித்துக்கொண்டு நிற்பவர், கூட்டாளியைத் திட்டுபவர், திரும்பி ஓடுபவர், எல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

ஓட்டத்துக்கு 30 மீட்டர் போன் ஸ்டாப்வாட்ச்சில். நின்ற நிலையிலிருந்து 4.5 விநாடிக்குள் வந்தால் நம் மட்டத்துக்கு வேகமான கால். தெம்புக்கு 12 நிமிட ஓட்டம். 100க்கு 64 மீட்டர் திடலென்றால் ஒரு சுற்று 328 மீட்டர். ஏழரைச் சுற்று ஓடினால் 2,400 மீட்டர் தாண்டிவிடும். நடுக்களத்துக்கு எட்டுச் சுற்று கேளுங்கள். ஷிப்டு முடித்து நேராக வந்தவரை அன்றைக்கு ஓடவிடாதீர்கள், அடுத்த வாரம் பாருங்கள்.

தாளும் காசும்

போட்டிக்குப் பதியக் குழு முறையாக இருக்க வேண்டும். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா, ஆண்டறிக்கை கொடுத்தாயிற்றா என்று செயலாளர் முதல் வாரமே பார்க்கட்டும். ஆட்டக்காரருக்கு ஐசி (அடையாள அட்டை) நகல், படம், கையொப்பமிட்ட பாரம், 18க்குக் கீழ் என்றால் பெற்றோர் கையொப்பம். வேறு குழுவில் பதிந்திருந்தவரிடம் விடுவிப்புக் கடிதம் கையில் வந்த பிறகே ஜெர்சி கொடுங்கள். "பழைய குழு ஒன்னும் சொல்லாது" என்ற வாய்ச்சொல்லை நம்பி ஆடவிட்டுப் புள்ளியைப் பறிகொடுப்பது வருடா வருடம் நடக்கிறது. பெயர் மாற்றி ஆடவைப்பது பற்றிப் பேசவே வேண்டாம்.

வெளியூர் ஆட்டக்காரருக்கு ஓர் ஆட்டத்துக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) என்று பேசினால் 14 ஆட்டத்துக்கு 1,400 வெள்ளி. அதே காசில் பயிற்சிப் பந்துகள், இரண்டு கீப்பர் கையுறை, சீசன் முழுக்க ஐஸும் தண்ணீரும், வெளியாட்டத்துக்கு வேன் எண்ணெய்க் காசு எல்லாம் முடியும். இன்னொன்று, அந்த 100 வெள்ளி ரகசியமாக இருக்காது. மூன்றாவது ஆட்டத்துக்குள் உள்ளூர் ஆட்டக்காரர் எல்லாருக்கும் தெரிந்துவிடும், புதன்கிழமைப் பயிற்சிக்கு ஆள் குறையும்.

எட்டு வாரம்

முதல் இரண்டு வாரம் கணக்கும் பேச்சும், அடுத்த இரண்டு தேர்வு, ஐந்தாவது வாரம் தாள் வேலை. தேர்வு நடக்கும்போதே பழையவர்கள் ஓடத் தொடங்கிவிட வேண்டும். பயிற்சியின் தொடக்கத்தில் ஃபிஃபா 11+ சூடேற்றம் செய்யுங்கள். 20 நிமிடம், மூன்று பகுதி, 15 பயிற்சி, பந்தும் சில கோன்களும் போதும். தொடைப் பின்தசை பிடித்து முதல் மாதமே இரண்டு பேரை இழக்கும் குழுக்கள் பெரும்பாலும் இதைத் தவிர்த்தவை.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் மாலை இடி சாதாரணம். இடி கேட்டால் திடலைக் காலி செய்து, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்புங்கள். கம்பத்து மலாய்ப் பையன்கள் குழுவில் இருந்தால் நோன்பு மாதத்தில் ஐந்து மணிப் பயிற்சி வேண்டாம். தராவே தொழுகைக்குப் பின் ஃபுட்சால் கோர்ட்டை ஒரு மணி நேரம் எடுத்தால் எல்லாரும் வருவார்கள்.

கடைசி மூன்று வாரத்தில் மூன்று நட்பாட்டம். முதலாவதில் 23 பேரும் ஆளுக்கு அரை மணி நேரமாவது ஆட வேண்டும். முப்பது முப்பது நிமிடமாக மூன்று பகுதி பிரித்தால் கணக்கு சரியாக வரும். காலியாக வைத்த இரண்டு இடங்கள் இப்போது உதவும். எதிர்க்குழுவில் நம்மை மிகவும் படுத்திய ஸ்டாப்பரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எந்த ஷிப்டு என்பதையும் சேர்த்து.