ஏற்காட்டுக் கூடாரத்தில் ஈரம் நீங்கிய விதம்
சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை மிதிவண்டியில் ஏறிக் கடந்து, உரிமையாளரின் அனுமதியுடன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் கூடாரமிடும்போது, மழையே பெய்யாத இரவுகளிலும் விடியற்காலையில் ஸ்லீப்பிங் பேக் நனைந்திருந்தது. கூடாரத்தின் தையல் கசிவதாகக் கருதி அதற்குப் பசை பூசிப் பார்த்தும் பயனில்லை. காரணம் என் மூச்சுதான்: அதிலுள்ள நீராவி கூடாரத்தின் குளிர்ந்த மேல்துணியில் பட்டு, துளிகளாகித் திரண்டு சொட்டியது.

தெளிந்த வானத்தின் கீழ் மேல்துணி சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும் என்பதால், வெட்டவெளியையும் ஈரம் தேங்கும் பள்ளத்தையும் தவிர்த்து, சில்வர் ஓக் மரங்களின் கீழ் சற்று மேடான இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இருக்கிறதா என்று பார்ப்பது தனி வேலை. மேல்துணி உட்துணியைத் தொடாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டி, எதிரெதிரான காற்றுத் திறப்புகளைக் குளிரைப் பொருட்படுத்தாமல் திறந்து வைத்தேன். வியர்வையில் ஊறிய சட்டையும் வெளியே போனது. அதன் பின் ஸ்லீப்பிங் பேக் நனையவில்லை.

மேல்துணியில் மட்டும் பனியீரம் மிஞ்சுகிறது. அதைக் கேரியரில் தனியாகக் கட்டி, அடிவார வெயிலில் விரித்தால் தேநீர் குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது.